டார்ச்சை அணைங்கப்பா... பிரசவம்!

‘‘அந்தமானா? எத்தனை வருஷம் சார் போட்டிருக்காங்க?’’

லீவ் லெட்டரை நீட்டியதும் எங்கள் செக்‌ஷனில் எனக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். செல்லுலார் ஜெயிலைக் கட்டி முடித்தது 1906-ல். இன்னும் நம் ஜனங்களுக்கு அந்தமான் என்றால் கம்பி, களி, செக்கு. கைதிகளைக் கப்பலில் அனுப்பிய காலம் போய், சர்க்காரே டிக்கெட் கொடுத்து குமாஸ்தாவை அனுப்பும் காலம் வந்துவிட்டது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. சொந்த ஊருக்குப் போகிற எல்.டி.சி-யை மாற்றிக்கொண்டு அந்தமானுக்கு விமானத்தில் போய்வரலாம். எனக்குச் சொந்த ஊர் மாயவரம் பக்கம். அங்கே போனால் மாமா வீட்டு மாடு, அத்தை வீட்டு நாய் என்று இரண்டே வனவிலங்குகள். அதிலும் நாய் என்னைக் கண்டால் எழுந்திருப்பதுகூட இல்லை. அதனால் அரைப் பரீட்சை லீவில் எட்டு நாள், நான்கு டிக்கெட் போட்டேன்.

ஆளுக்கு ஒரு லட்சியம். ஒன்பது வயசுப் பையனுக்கு முதலை. அவன் அம்மாவுக்குக் கடலோரத்தில் நின்று நல்லதாக நாலு போட்டோ. அறுபத்தெட்டு வயசு என் அம்மாவுக்கு சமுத்திர ஸ்நானம். எனக்கு? எட்டு நாள் மேனேஜர் குரல் கேட்காமல் இருக்க வேண்டும். அவ்வளவே.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கப்பலென்றால் இரண்டரை நாள். போர்ட் பிளேர் என்று டிக்கெட் எடுத்தால் ஸ்ரீ விஜயபுரம் என்று இறக்கிவிடுகிறார்கள். 2024 செப்டம்பரில் பெயர் மாற்றிவிட்டார்கள். ‘வேற ஊருக்கு வந்துட்டோமா?’ என்று அம்மா கலவரமாகப் பார்க்க, வெளியே ஆட்டோக்காரர், ‘‘எங்கண்ணே போகணும்?’’ என்றார். அம்மாவுக்கு உயிர் வந்தது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். தமிழ் தெரிந்தால் அந்தமானில் சோறு கிடைக்கும். ரசமும் கிடைக்கும்!

ஒரே சங்கடம், சூரியன். கடிகாரம் நம் கடிகாரம்தான். தீவுதான் கிழக்கே எங்கேயோ கிடக்கிறது. காலை ஐந்தரை மணிக்கே பளீரென்று விடிகிறது. சாயங்காலம் ஐந்தேகாலுக்கு இருட்டத் தொடங்குகிறது. ‘‘ஏண்டா, விளக்கு வைக்கிற நேரத்துக்கு டிபனைக் கேக்கறே?’’ என்று பேரனை அம்மா அதட்ட, அவன் ஐந்தரை மணியைக் காட்டினான்.

முதல் மிருகத்தை ராஸ் தீவில் பார்த்தோம். (2018-லிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு.) வெள்ளைக்காரர்கள் தலைமையகம் நடத்திய இடம். பால்ரூம், சர்ச், பேக்கரி எல்லாம் இருந்திருக்கின்றன. இப்போது சுவரை ஆலமர வேர் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இடிபாடுகளுக்கு நடுவே இன்கம்டாக்ஸ் அதிகாரி மாதிரி நிதானமாக நடந்துவந்தது ஒரு புள்ளிமான். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மான் நேரே வந்து அவன் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கவரோடு பிடுங்கியது. நான் பாய்ந்து பிளாஸ்டிக்கை மட்டும் மீட்டேன்.

புள்ளிமான் அந்தமானின் பிராணியே இல்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அங்கே புலி கிடையாது, சிறுத்தை கிடையாது, நரிகூடக் கிடையாது. கேட்க ஆளில்லாத இடத்தில் என்ன ஆகும்? பெருகி, தீவு தீவாக நீந்திப் போய், முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்து தீர்க்கிறது. அழகான கண்ணை வைத்துக்கொண்டு காட்டைக் காலி செய்கிற ஜென்மம்!

அடுத்தது ஹேவ்லாக். இதற்கும் இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர். அங்கே எங்கள் காட்டேஜ் சுவரில் ஒரு பல்லி. பல்லி என்றால் நம்மூர் பழுப்புப் பல்லி இல்லை. கிளிப்பச்சை! ஓடிப்போய் ஒளியாமல் பட்டப்பகலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து காட்டேஜ் குஜராத்திக் குடும்பம் வெளியே வந்துவிட்டது. அம்மா மட்டும் அசையவில்லை. ‘‘இந்தக் கலர் பல்லி தலையில விழுந்தா என்ன பலன்னு பஞ்சாங்கத்துல போடலையேடா...’’ என்று கவலைப்பட்டாள்.

போட்டிருக்க முடியாது. அந்தப் பல்லி இந்த உலகத்தில் அந்தமானைத் தவிர வேறெங்கும் இல்லை. அதன் பங்காளிகள் எல்லாம் இந்து மகாசமுத்திரத்தின் அந்தக் கோடியில், மடகாஸ்கர், மொரீஷியஸ் பக்கம் இருக்கிறார்கள். எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பது தனிக்கதை. விஷயத்தைச் சொன்னதும் மனைவிக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. மறுநாள் அதையும் சேர்த்து செல்ஃபி.

பையனுக்கு இன்னொரு ஆசை இருந்தது. கடலில் நீந்துகிற யானை! நீங்களும் படம் பார்த்திருப்பீர்கள். நீல நீருக்குள் தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நீந்துமே, அந்த ராஜன் ஹேவ்லாக்கில்தான் இருந்தது. மரம் இழுக்க 1970-களில் அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டு, தீவுக்குத் தீவு நீந்தக் கற்றுக்கொண்ட யானை. 2006-ல் வந்த ‘தி ஃபால்’ என்ற வெளிநாட்டுப் படத்தில்கூட நீந்தியிருக்கிறது. 2016-ல், 66-வது வயசில் ராஜன் காலமாகிவிட்டது. இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘‘ரிட்டயர் ஆனப்புறம் ஊருக்கு அனுப்பலையாப்பா?’’ என்றான். அனுப்பவில்லை. இன்டர்வியூ தீவில் 1960-களில் ஒரு மரக் கம்பெனி நொடித்துப்போய், இழுக்க வைத்திருந்த யானைகளை அப்படியே காட்டில் விட்டுவிட்டுப் போனது. அவற்றின் சந்ததி அங்கே காட்டு யானையாகத் திரிகிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி ஒன்றும் கிடையாது.

சரி, முதலைக்கு வருவோம்.

ராதாநகர் கடற்கரையை அழகு என்று நான் தனியாக வர்ணிக்க வேண்டியதில்லை. மாவு மாதிரி மணல். பின்னால் ஆகாசத்தை முட்டும் மரங்கள். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்நானத்துக்கு இறங்கும்போதுதான் போர்டைப் பார்த்தோம். முதலைப் படம் போட்டு, இந்த இடத்துக்கு அப்பால் இறங்காதே என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது. குளத்து முதலை இல்லை. உப்புநீர் முதலை. ஊர்வனவற்றில் உலகத்திலேயே பெரியது. நன்றாக வளர்ந்த ஆண் பதினைந்து அடி, அதற்கு மேலும் போகும். 2010-ல் இதே கடற்கரைக்குப் பக்கத்தில் நீந்தப் போன ஓர் அமெரிக்க இளம்பெண்ணை முதலை கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம்தான் போர்டு, காவலாள், விசில் எல்லாம் பலமாயின.

‘‘அது குளிக்கிற இடத்துல நாம எதுக்குடா?’’ என்று சொல்லிவிட்டு, அம்மா கயிறு கட்டிய பகுதிக்குள்ளேயே மூன்று முக்குப் போட்டுக் கரையேறிவிட்டாள். பையன் மட்டும் முதலை தெரிகிறதா என்று சாயங்காலம் வரை மணலில் உட்கார்ந்திருந்தான். தெரியவில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

ஐந்தாவது நாள் வடக்கே திக்லிபூர் போகவேண்டும். ரோடு இருக்கிறது. அந்தமான் டிரங்க் ரோடு. அது ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்கு நடுவே போகிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு போலீஸ் காவலோடு வண்டிகளை வரிசையாக விடுகிறார்கள். நிறுத்தக் கூடாது, போட்டோ கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. சட்டமெல்லாம் சரிதான். ஆனால் டிராவல்ஸ் ஏஜென்ட் ஒருவர் குரலைத் தாழ்த்தி, ‘‘லக் இருந்தா ஜாரவா பாக்கலாம் சார்’’ என்றார், ஏதோ சிறுத்தைப்புலியைச் சொல்வது போல. 2012-ல் வெளியான ஒரு வீடியோ ஞாபகம் வந்தது. டூரிஸ்ட்டுகளுக்கு முன்னால் அந்தப் பெண்களை ஆடச் சொல்லி எடுத்தது. உலகம் பூராவும் காறித் துப்பினார்கள். என் பையன் ஜன்னல் வழியே மனுஷர்களை மிருகக்காட்சி மாதிரி எட்டிப் பார்க்க நான் காசு கொடுக்க மாட்டேன். கப்பலில் டிக்கெட் போட்டேன். ராத்திரி பூராவும் ஆட்டம். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போகட்டும்.

திக்லிபூருக்குப் பக்கத்தில் காளிப்பூர் என்று ஒரு கடற்கரை. கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் இடம். நம்மூர் மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்களே அது, பேராமை, அழுங்காமை, படகு மாதிரி இருக்கும் தோணி ஆமை என்று நான்கு ஜாதியும் அங்கே வருவதுண்டு. மான் வெள்ளைக்காரர் தயவில் வந்தது. யானை மரக் கம்பெனி தயவில் வந்தது. நான் எல்.டி.சி. தயவில் வந்தேன். யார் தயவும் இல்லாமல் தானாக வந்துபோவது இது ஒன்றுதான்.

ராத்திரி ஒன்பது மணி. கறுப்புச் சாயல் மணல். எங்களையும் சேர்த்து டூரிஸ்ட்டுகள் பதினைந்து, இருபது பேர் இருக்கும். வனத்துறையின் காவலாள் ஒரு பெங்காலிப் பையன். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு வந்து இந்தியில் நிபந்தனைகளைச் சொன்னான். வெளிச்சம் கூடாது. சத்தம் கூடாது. முன்னால் போய் நிற்கக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

பத்து மணிக்கு அலையிலிருந்து ஒரு கறுப்புப் பாறை நகர்ந்து வெளியே வந்தது. துடுப்புக் காலால் மணலை வாரி வாரி, இரண்டு அடி நகரும், நிற்கும். பெருமூச்சு விடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பையன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கரைமேட்டுக்கு இன்னும் பத்தடிதான். அந்த நேரம் பார்த்து ஒரு மகானுபாவர் மொபைல் டார்ச்சைப் போட்டார். அதைப் பார்த்து இன்னொருவர். ‘வாவ்’ என்றார் மூன்றாமவர். பளிச் பளிச்சென்று நாலு ஃப்ளாஷ்!

ஆமை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, திரும்பியது. வந்த வழியே கடலுக்குப் போய்விட்டது.

காவலாள் தலையில் கை வைத்துக்கொண்டான். குழி தோண்டி முட்டை போடத் தொடங்கும் வரை அதற்கு எதைப் பார்த்தாலும் பயம், தொடங்கிவிட்டால் நகராது என்று விளக்கினான். இப்படி விரட்டினால் வேறு இடம் தேடும். அங்கேயும் விரட்டினால், தாங்க முடியாமல் முட்டையைக் கடலிலேயே விட்டுவிடும். எனக்குத் தெரிந்த இந்தியில் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். ‘‘அப்போ இது நிறைமாசமா?’’ என்றாள் அம்மா. ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

அம்மா எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ‘‘டார்ச்சை அணைங்கப்பா! பிரசவம் நடக்கிற இடத்துல என்ன வேடிக்கை? எல்லாரும் அங்க போய் உக்காருங்க. ஆம்பளைங்க அந்தப் பக்கம் திரும்புங்க!’’

சுத்தமான தமிழ். கூட்டத்தில் பாதி பேர் வடக்கத்திக்காரர்கள். ஆனால் அந்தக் குரலுக்கு எந்த பாஷையிலும் அர்த்தம் ஒன்றுதான் போலிருக்கிறது. மகானுபாவர் உட்பட அத்தனை பேரும் மொபைலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். ஆண்பிள்ளைகள் நிஜமாகவே காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டோம். எங்கள் ஆபீஸில் யூனியன் மீட்டிங்கில்கூட இவ்வளவு கட்டுப்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். கொசு மட்டும் சட்டத்தை மதிக்கவில்லை. சிலர் கழன்றுகொண்டார்கள். பையன் என் மடியில் தூங்கிப்போனான். பதினொன்றே முக்கால் சுமாருக்கு இன்னொன்று வந்தது. அதே ஆமையா, வேறா, தெரியாது. அம்மா மட்டும், ‘‘அவளேதான்’’ என்றாள்.

மேட்டுக்கு ஏறி, பின்னங்கால்களால் குழி பறிக்க ஆரம்பித்தது. கண்ணால் பார்க்காமலேயே, இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி, கூஜா வடிவத்தில் ஒன்றரை அடிப் பள்ளம். பத்துக் கொத்தனாரை நிற்க வைத்துப் பாடம் நடத்தலாம். முதல் முட்டை விழுந்ததும் காவலாள் சைகை காட்டினான். பின்பக்கமாகத் தவழ்ந்துபோய் எட்டிப் பார்த்தோம். பிங்பாங் பந்து மாதிரி வெள்ளை வெளேரென்று, இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு... விழுந்துகொண்டே இருந்தது. பையன் விழித்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினான். எழுபதில் தப்பிவிட்டது.

சிவப்பு வெளிச்சத்தில் அதன் கண்ணோரம் பிசுபிசுவென்று நீர் வழிந்தது. ‘‘வலிக்குதுடா அதுக்கு’’ என்றாள் அம்மா. ‘‘இல்ல பாட்டி, உடம்புல சேர்ற உப்பை அது கண்ணு வழியா வெளியேத்தும். புக்ல இருக்கு’’ என்றான் பையன். ‘‘மூணு பெத்தவ சொல்றேன், சும்மா இரு.’’

விஞ்ஞானம் பையன் பக்கம்தான். இருந்தாலும் யாரும் மேற்கொண்டு பேசவில்லை.

மணலைத் தள்ளி மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் தூக்கிப் போட்டு ‘தொப் தொப்’பென்று கெட்டித்து, தடம் தெரியாதபடி கலைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலைப் பார்க்கப் புறப்பட்டது. மொத்தம் ஒரு மணி நேரம்கூட இல்லை. ‘‘ஒரு வாய் பிரசவ லேகியம்கூட இல்லாம போறாளே மகராசி...’’ அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

முட்டைகளை அங்கேயே விடுவதில்லை. நாய், பன்றி, உடும்பு எல்லாம் காத்திருக்கும். உடனே எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி பறித்துப் புதைக்கிறார்கள். மறுநாள் காலையில் போனபோது எங்கள் ஆமையின் குழிக்கு மேல் ஒரு குச்சி. தேதி, எண்ணிக்கை: 112. பொரிய 45 நாளிலிருந்து 60 நாள். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு அதிகமானால் பெண், குறைந்தால் ஆண். ‘‘ஸ்கேன் வேண்டாம், தர்மாமீட்டர் போதும்’’ என்று மனைவி என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். சிரிக்கிற விஷயமாக மட்டும் இல்லை. பூமி சூடாகிக்கொண்டே போனால் கடற்கரை முழுக்கப் பெண்ணாகவே பிறக்கும். மாப்பிள்ளைக்கு எங்கே போவது?

தோணி ஆமையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதன் பெரிய பிரசவ வார்டு தெற்கே கிரேட் நிகோபாரில் கலாத்தியா வளைகுடா. 2004 சுனாமி அந்தக் கடற்கரையையே அழித்தது. மணல் திரும்பச் சேர, ஆமைகளும் திரும்ப வந்தன. இப்போது அதே வளைகுடாவில் பெரிய சரக்குத் துறைமுகம் கட்டத் திட்டம். 2021-ல் சரணாலய அந்தஸ்தை நீக்கி, 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்தாகிவிட்டது. நாலு டார்ச்சுக்கே திரும்பிப்போகிற பிராணி, துறைமுகத்து விளக்குக்கு என்ன செய்யும்?

ஊர் திரும்பும்போது ஏர்போர்ட்டில் பையை ஸ்கேன் செய்து பவளமும் கிளிஞ்சலும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பவளம் புலிக்குச் சமமான பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. முன்னால் நின்ற ஒருவர் பையிலிருந்து ஒரு மேஜை நிறைய எடுத்தார்கள். எங்கள் பையில் இருந்தது அம்மா வாங்கிய தேங்காய் எண்ணெய் மட்டும்.

இத்தனை கடல் தாண்டிப் போய்ப் பார்த்த பங்குனி ஆமை சென்னையிலேயே வருகிறது. 29சி பிடித்தால் பெசன்ட் நகர். ஜனவரியிலிருந்து பங்குனி வரை ராத்திரியில் மாணவர்கள் கரையோரம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். 1988-லிருந்து நடக்கிற வேலை. நம்மைப் போன்றவர்களையும் சனிக்கிழமை ராத்திரிகளில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இதே கடற்கரையோரம்தான் 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மீன் இல்லை. மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டிக்கொண்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். வலையில் ஆமை மட்டும் தப்பிக்க வழி வைக்கும் கருவி உண்டு. பொருத்தினால் கொஞ்சம் மீனும் போய்விடும் என்று பொருத்துவதில்லை.

ஊருக்கு வந்ததும் அம்மா காலண்டரில் மாசி மாசத்துப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள். அந்தத் தேதி நெருங்கியதும் தினமும், ‘‘காவல்காரப் பிள்ளைக்கு ஃபோன் போடுடா’’ என்று ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் ஆபீஸ் நேரத்தில், மேனேஜர் எதிரில் நிற்கும்போது அவனே கூப்பிட்டான். அரைகுறை இந்தியில் நான், ‘‘கித்னா? கித்னா?’’ என்று கத்த, செக்‌ஷனே எழுந்து நின்றது.

எண்பத்தொன்பது.

‘‘என்னய்யா எண்பத்தொன்பது?’’ என்றார் மேனேஜர்.

‘‘குழந்தைங்க சார்’’ என்றேன்.